வெறும் வண்டியின் குலுக்கல்

கேபின் தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது.

ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போ. மூன்று என்றால் பின்னால் வா, பார்த்து வா. எங்கள் வண்டியில் பாஷையே அவ்வளவுதான்.

நிறுத்தினேன். மந்தைவெளி கல் கடை வாசல் இன்னும் நாலடி. அதற்குள் எதற்கு நிறுத்தச் சொல்கிறார்? இறங்கிப் பின்பக்கம் போனேன்.

மாமா கேபினை ஒட்டி முழங்கால் போட்டிருந்தார். ஒரு கை பக்கப் பலகையில். முகம் முழுக்க வேர்வை. அடையாற்றில் ஒரு வீட்டில் கல்லை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத்தான் திரும்பியிருந்தோம். வெயிலும் தணிந்துவிட்டது. வேர்க்கக் காரணம் இல்லை.

கை கொடுத்தேன். கையைப் பார்த்தார். பிடிக்கவில்லை. தவழ்ந்து வந்து, வயிற்றின் மேல் படுத்து, காலை முதலில் கீழே விட்டு இறங்கினார். சின்னப் பிள்ளைகள் கட்டிலிலிருந்து இறங்குமே, அப்படி.

தரையில் நின்றதும் கல் கடை நாயைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல. கால் மரத்துப்போச்சி" என்றார்.

நாய்க்குச் சொன்ன மாதிரி இருந்தாலும் அது எனக்குச் சொன்னது.

பேசாத மாமா

வண்டி வாங்கிய கதையைப் போன வாரமே இந்தப் பக்கத்தில் சொல்லியாகிவிட்டது. பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து ஏலத்தில் வந்த பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. லோடு ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எல்லப்பன். என் அக்கா கன்னியம்மாளின் வீட்டுக்காரர். எனக்கு மாமா.

அவர் என்னோடு பேசமாட்டார். வண்டி வாங்குவதற்கு ரொம்ப முன்னால், அறுபதுகளின் கடைசியில் நின்றுபோன பேச்சு.

அக்கா மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பிள்ளையை என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நான் அப்போது இன்னொருவர் லாரியில் டிரைவர். முந்தின நாள் நங்கநல்லூரில் வீடு கட்டுகிற இடத்துக்குச் செங்கல் கொண்டுபோனேன். அந்தப் பக்கம் அப்போது பாதி வயல், பாதி மணல். சக்கரம் புதைந்துவிட்டது. தோண்டி எடுத்து, குளித்து, சீர்த் தட்டோடு நொச்சிக்குப்பம் வந்து சேர்ந்தால் பந்தி நடக்கிறது. பிள்ளை யாரோ ஒரு பங்காளி மடியில் உட்கார்ந்து, அழுது முடித்து, தூங்கிக்கொண்டிருந்தது.

தட்டை அக்கா வாங்கி உள்ளே வைத்தாள். மாமா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

லாரி புதைந்ததைச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்து, "லாரிதான் ஒசத்தின்னா லாரிக்கே போயி சீர் செய்யச் சொல்லு" என்றார்.

அதோடு சரி.

பிறகு எப்படி என் வண்டிக்கு வந்தார் என்று கேட்கலாம். அவர் வேலை பார்த்த லாரியை விற்றுவிட்டார்கள். கடப்பா கல்லைத் தொட்டுப் பழகின ஆள் இந்தப் பக்கம் அவரை விட்டால் இல்லை. அக்காதான் முடித்து வைத்தாள். "பேசாட்டி போ. கல்லு தூக்க வாயா வேணும்?" என்றாள்.

வந்தார். டிரைவர் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். கடைசிவரை முன் சீட்டில் உட்காரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். யாரும் அதை எதிர்பார்த்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

கல்லும் கையும்

கடப்பா கல் என்பது கறுப்புப் பலகைக் கல். சமையல் மேடைக்கு, அலமாரித் தட்டுக்கு, துணி துவைக்க. அடையாறு பக்கம் வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். மந்தைவெளி கல் கடையிலிருந்து தினம் நடை இருக்கும்.

அதைப் படுக்க வைத்து ஏற்றினால் போகிற வழியிலேயே உடையும். வைக்கோல் பரப்பி, குத்தாக நிறுத்தி, கயிறு போட வேண்டும். லோடு ஆள் கேபின் தகரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, கல் மேல் உள்ளங்கையை வைத்தபடி வருவார். கல் அசைந்தால் கைக்குத் தெரியும். ஒரு தட்டு. நிறுத்துவேன். வைக்கோலைத் திணிப்பார். இரண்டு தட்டு. போவேன்.

இறக்குகிற இடத்தில் வீட்டுக்காரர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்ல கல். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்து வரும்.

மயிலாப்பூரில் ஒரு மாமி இருந்தார். எல்லாக் கல்லையும் தட்டிவிட்டு ஒரு கல்லில் நின்றார். "ஏம்ப்பா, இது ஒண்ணு மட்டும் தொண்டை கட்டிண்டாப்பல கேக்கறதே? நம்மாத்துக்கு வேண்டாம், எடுத்துண்டு போயிடு" என்றார். மாமா மறுபேச்சு இல்லாமல் திருப்பி ஏற்றினார். கடையில் இறக்கும்போது அது இரண்டாகப் பிளந்தது.

அதிலிருந்து அந்தத் தெருவுக்குப் போனால் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு மாமிக்கு ஒரு கும்பிடு போடுவார். நின்று பேசுவார். மழை வருமா, தண்ணீர் வருமா என்று எல்லாம் பேசுவார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

இரண்டு பட்டை

ஆரம்பத்தில் கல் ஏற்றினால் வண்டி பின்னால் குந்தியது. டயர் மட்கார்டில் உரசி ரப்பர் கருகின வாடை வரும்.

மீர்சாகிப்பேட்டையில் ரஹீம் பாய் பட்டறை. கொஞ்சம் வாய். ஆனால் கை வேகம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பட்டை பத்தல நைனா" என்றார்.

பின் சக்கரத்துக்கு மேல் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்காக இருக்கும். பாரத்தைத் தாங்குவது அதுதான். பாய் ஏதோ ஒரு லாரியில் கழற்றின பட்டைகளில் பக்கத்துக்கு இரண்டு சேர்த்துக் கட்டினார். வண்டி நிமிர்ந்தது. உரசல் நின்றது. அந்த நாளில் லோடு அடிக்கிற எல்லாரும் இதைத்தான் செய்தோம். வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அது ஒரு கௌரவம்.

ஷாக் அப்சார்பர் என்று ஒன்று உண்டு. எங்கள் வாயில் அது ஷாக்கப்சர். பட்டை குதித்தால் அதை அடக்கி உட்கார வைக்கிற எண்ணெய்க் குழாய். என் வண்டியிலும் இருந்தது. இருந்தது என்றால், தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் எல்லாம் எப்போதோ வடிந்து, மேலே மண் அப்பி, கையால் இழுத்தால் சைக்கிள் பம்பு மாதிரி வரும். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

மாமா நாயிடம் பேசின மறுநாள், அக்கா அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இடுப்புக்கு மேல் எலும்பும் எலும்பும் சேருகிற இடம் தேய்ந்திருக்கிறது என்றார். பார்த்துத் தூக்கினால் தூக்கலாம், குலுக்கல்தான் ஆகாது, இப்படியே போனால் ஒரு நாள் கால் வராது என்றார்.

லோடு ஆளுக்குக் கால் வராவிட்டால் அவ்வளவுதான். குப்பத்தில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். படகு ஓரமாகத் துண்டை விரித்து, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

முன்னால் உட்காரச் சொல்லி அக்கா சண்டை போட்டாள். மாட்டேன் என்றார். பஸ்ஸில் திரும்பி வரச் சொன்னாள். ஒரு நாள் போனார். கூட்டத்தில் தொங்கிக்கொண்டு வந்து, மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. வேலையை விடச் சொன்னாள். "விட்டுட்டு? ஒன் கூடைய தூக்கினு பின்னால வர்ட்டா?" என்றார்.

எனக்கு ஒரு வழிதான் மிச்சம். ஆள் மாறமாட்டார். வண்டியை மாற்ற வேண்டும்.

லாரி சாமான்

பாயிடம் போனேன்.

"பாய், ஷாக்கப்சர் மாத்தணும்."

"இன்னா திடீர்னு? இத்தினி நாள் இல்லாம."

"ஆளுக்கு முதுகு போச்சி."

பாய் பீடியைக் காதில் செருகிக்கொண்டார். "லோடு எவ்ளோ ஏத்தற?"

சொன்னேன்.

"அப்போ லாரி சாமான் போட்டுரு. இருக்கறதுலயே கெட்டியானது. சும்மா கல்லு மாரி நிக்கும்."

"கல்லு நிக்கும் பாய். ஆளு?"

"அரே, லோடு அசையாம வந்தா ஆளு எப்டி அசைவான்? அவனும் லோடுல ஒண்ணுதானே?"

கேட்க சரியாகத்தான் இருந்தது. பாரம் அதிகம், அதனால் சாமான் கெட்டி. எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

லாரி ஷாக்கப்சர் எங்கள் வண்டிக்கு நீளம். பாய் ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் வைத்துத் தூக்கி மாட்டினார். மாட்டிவிட்டு பின்பக்கத்தை ஒரு உதை உதைத்தார். வண்டி அசையவில்லை. "பாத்தியா?" என்றார்.

கல் கடை முதலாளிக்கு ஏக சந்தோஷம். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். அந்த வாரம் முழுக்க ஒரு கல் உடையவில்லை. ஒரு கல்லில்கூடச் சத்தம் சாகவில்லை. "என்னடே ஆறுமுகம், வண்டியை மெத்தையிலயா உருட்டுதே?" என்றார்.

மாமாவுக்கு மோசமானது. பட்டையான இடுப்புக் கச்சை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். திரும்பும்போது உட்கார முடியாமல் கேபின் மேல் கம்பியைப் பிடித்து நின்றபடியே வருவார். அடையாற்றுப் பாலம் முடிந்து ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு படி மாதிரி இருக்கும். அதில் சக்கரம் இறங்கின உடனே தகரத்தில் ஒரு குத்து விழும். அது தட்டு இல்லை. அது நிறுத்து, போ எதுவும் இல்லை. வாயால் என்னைத் திட்ட முடியாததால் கையால் திட்டுவது.

கல் உடையவில்லை. ஆள்தான் உடைந்துகொண்டிருந்தார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அக்கா ஏறினாள்

அக்கா பட்டினப்பாக்கத்தில் ரோட்டோரம் மீன் விற்பாள். ஒரு நாள் அந்தப் பக்கம் போகும்போது கையைக் காட்டி நிறுத்தினாள். கையில் மீன் வெட்டுகிற கத்தி. நிறுத்தாமல் போக முடியாது.

"டேய், இன்னாடா பண்ற என் ஆள? காலைல எயுந்து ஒக்காரவே முடில அதுக்கு."

"புதுச் சாமான் போட்டுக்கீறேன்கா. லாரி சாமான்."

"சாமானாம் சாமான். கல்லுக்குப் போட்டியா, ஆளுக்குப் போட்டியா?"

"ரெண்டுக்கும்தான்."

"பொய் சொன்ன, இந்த வஞ்சிரத் தலையாலயே மூஞ்சில அடிப்பேன்." பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பி, "கூடைய பாத்துக்கடி" என்றாள். கத்தியைத் தண்ணீரில் அலசினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டாள்.

மாமா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அன்றைக்கு முழு லோடு. போகும்போது பின்னால் சத்தமே இல்லை. அக்கா ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். சிரிப்புக்கூடக் கேட்டது. அடையாற்றில் கல்லை இறக்கினோம். வீட்டுக்காரர் தட்டிப் பார்த்தார். எல்லாம் கணீர்.

திரும்பினோம். தெருமுனை தாண்டுவதற்குள் தகரத்தில் அடி விழ ஆரம்பித்தது. அக்காவின் தட்டுக்குக் கணக்கே கிடையாது. நிறுத்தா, போவா, பின்னால் வருவதா ஒன்றும் தெரியவில்லை. மெதுவாக ஓட்டினேன். பாலம் முடிகிற இடத்தில் சக்கரம் இறங்கியது. அக்கா போட்ட சத்தத்தில் ஆற்றோரம் நின்ற கொக்கு எழுந்து பறந்தது.

ஓரமாக நிறுத்தினேன்.

"கஸ்மாலம்! போவசொல்ல ஊஞ்ச மாரி இருந்திச்சி. வரசொல்ல ஒரல்ல போட்டு இடிக்கிற மாரி கீதேடா! என் பல்லெல்லாம் ஆடுது."

நான் இறங்கி வந்து பின்சக்கரத்தைப் பார்த்தேன்.

மாமா ஆற்றைப் பார்த்து, "போவசொல்ல ஒண்ணும் இல்ல. எப்பவுமே வரசொல்லதான்" என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "தெரியுமா ஒனக்கு?"

"தெரியாம?"

"தெரிஞ்சி யாருகிட்ட சொன்ன? ஆத்துகிட்டயா? நாய்கிட்டயா? தோ நிக்கிறானே தடிமாடு மாரி, இவன்கிட்ட சொன்னியா?"

மாமா கச்சையை இறுக்கிக் கட்டினார்.

"ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றாள் அக்கா. இறங்கிவிட்டாள். முன்னால் வந்து, கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டினப்பாக்கம் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

பாதி வழி

அன்று சாயங்காலம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பட்டையை முழு பாரத்துக்காக அடுக்கியிருக்கிறோம். பாரம் மேலே உட்கார்ந்தால் அது வளையும். வெறும் வண்டியில் வளையாது. வளையாத பட்டை பள்ளத்தை அப்படியே மேலே தூக்கிக் கொடுக்கும். அதன் பக்கத்தில் லாரி ஷாக்கப்சர். அதுவும் அசையாது. நடுவில் மாமா.

ஓடுகிற ஓட்டத்தில் பாதி லோடு, பாதி வெறும் வண்டி. எல்லாரும் எவ்வளவு லோடு என்றுதான் கேட்டோம். இறக்கின பிறகு என்ன என்று கேட்கவில்லை. இறக்கின பிறகு அதில் ஓர் ஆள் இருக்கிறார். அவர் எடையெல்லாம் ஒரு எடையா என்று விட்டுவிட்டோம்.

முதலில் முதலாளியைப் பார்த்தேன்.

"லோடைக் குறைச்சிக்கறேன் மொதலாளி. ரெண்டு நடையில போறத மூணு நடையா போயிடறேன்."

"ஏம்டே? வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"கல்லுக்கு நல்லா ஓடுது. எல்லப்பனுக்கு ஓடல."

"வேற ஆளு போடு."

"வேற ஆளு போட்டா கல்லு ஒடையும்."

அவர் கடைக்குள் பார்த்தார். உள்ளே மாமா ஒரு கல்லை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கமும் முதுகு வளையாமல், முழங்காலை மட்டும் மடக்கி.

"மூணாவது நடைக்கு வண்டிக்கு ஊத்துத எண்ணெய் ஒன் பாடு. எங்கிட்ட கேக்கக்கூடாது."

"கேக்கல."

"ஒடைஞ்சாலும் ஒன் பாடு."

"சரி."

பாய் அடுத்து. "பட்டையைக் கயட்டணும் பாய்."

"பைத்தியமா நைனா ஒனக்கு? குந்திக்கும்."

"லோடு கொறையுது. குந்தாது. பக்கத்துக்குப் போட்ட ரெண்டையும் கயட்டிடு. லாரி சாமானையும் கயட்டு."

"அதயுமா? அத எவன்கிட்ட விக்கறது?"

"லாரிக்காரன்கிட்ட."

பாய் சிரிக்கவில்லை. ஆனால் கழற்றினார்.

மூன்று ஜோடி

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். ஷாக்கப்சர் இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். மாமாவும் வர வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். பின்னால் நின்றபடி வந்தார்.

கடைக்காரர் மேசை மேல் மூன்று ஜோடி வைத்தார். ஒன்று லாரிக்கு. ஒன்று காருக்கு. ஒன்று வேனுக்கு. எங்கள் வண்டி பட்டாளத்து வண்டி. அதற்கென்று ஒன்று கிடையாது. நீளம் ஒத்துப்போகிறதை நாமே பார்த்து எடுக்க வேண்டும்.

"இழுத்துப் பாக்கணும்" என்றேன்.

"வாங்கறவங்க பாக்கறதுதான். கீழ போட்டுடாதீங்க."

குழாயின் கீழ்முனையில் உள்ள வளையத்தில் ஒரு கம்பியைச் செருகினேன். இரண்டு காலாலும் கம்பியை மிதித்துக்கொண்டு, நேராக நிறுத்தி, மேலேயும் கீழேயும் இழுத்து அமுக்கினேன். அலமாரியில் படுத்துக்கிடந்த சாமானுக்குள் காற்று நின்றிருக்கும். முதல் சில இழுப்பு ஏமாற்றும். அதற்கப்புறம்தான் உண்மை தெரியும்.

லாரியுடையது அமுக்கினாலும் வரவில்லை, இழுத்தாலும் வரவில்லை. அதை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

காருடையது இரண்டு பக்கமும் சுலபமாக வந்தது. இழுக்கும்போது மாமா பக்கத்தில் வந்து நின்றார். குனிய முடியாது. கையை மட்டும் நீட்டிக் குழாயை வளைத்துப் பிடித்தார். கல்லைப் பிடிக்கிற அதே பிடி. நான் இழுத்தேன், அமுக்கினேன். அவர் கடைக்காரரைப் பார்த்து, "இவருகிட்ட சொல்லுங்க, இது தூக்கிப் போடும்" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "பக்கத்துலதானே நிக்கிறாரு? நீங்களே சொல்லக்கூடாதா?"

"சொல்லுங்க நீங்க."

"தூக்கிப் போடுமாம் சார்" என்றார் கடைக்காரர் என்னிடம்.

"சரின்னு சொல்லுங்க" என்றேன்.

மூன்றாவது, வேனுடையது. அமுக்கினால் லேசாக இறங்கியது. இழுத்தால் வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தேன். மெதுவாக, தேன் ஒழுகுகிற மாதிரி வந்தது. திரும்ப அமுக்கினேன். லேசு. இழுத்தேன். இறுக்கம்.

அதாவது, சக்கரம் மேட்டில் ஏறும்போது விட்டுக்கொடுக்கும். அதற்கப்புறம் பட்டை ஆளைத் தூக்கி எறியப் பார்க்கிறதே, அப்போது பிடித்துக்கொள்ளும்.

மாமா குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் எடுக்கவில்லை. நான் இன்னொரு தடவை இழுத்தேன். இன்னொன்று. எனக்குத் தோள் வலித்தது.

"இது" என்றார்.

யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் குனிந்திருந்தேன்.

கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றும்போது, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார்.

மாமா வண்டிப் பக்கம் நடந்தார், நான் நோட்டை எண்ணினேன்.

பாலம்

பாய் மாட்டினார். முனைகளில் செருகுகிற ரப்பர் புஷ் புதிது. இந்தத் தடவை வெல்டிங் இல்லை, இழுத்து வளைக்கவும் இல்லை. அதுவாக உட்கார்ந்தது.

கையால் அமுக்கிச் சோதிக்க வண்டி பெரிது. பட்டறை ஆட்களைப் பின்பலகை மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஒரே நேரத்தில் கீழே குதிக்கச் சொன்னார். வண்டி மேலே எழுந்தது. ஒரு தடவை கீழே வந்தது. நின்றது. அவ்வளவுதான். ஆடவில்லை.

"அரே, நாந்தான் அப்பவே சொன்னேனே நைனா" என்றார் பாய். அவர் அப்போது சொன்னது எனக்கு நினைவு இருந்தது.

மறுநாள் குறைந்த லோடு. போகும்போது எப்போதும் போலத்தான் இருந்தது. இடையில் ஒரு தட்டு. வைக்கோல். இரண்டு தட்டு. அடையாற்றில் ஒரு புது வீட்டில் இறக்கினோம். சுண்ணாம்பு வாடை. வீட்டுக்காரர் எல்லாக் கல்லையும் தட்டினார். மாமா தண்ணீர் வாங்கிக் குடித்தார். பின்னால் ஏறினார். இரண்டு தட்டு.

வெறும் வண்டி. கிளம்பினேன்.

வழக்கத்தைவிட மெதுவாகவும் ஓட்டவில்லை, வேகமாகவும் ஓட்டவில்லை. எப்போதும் போல ஓட்டினால்தான் தெரியும். கண்ணாடியில் பார்த்தேன். கம்பியைப் பிடித்து நிற்கிற ஆளின் வேட்டி தெரிய வேண்டும். தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

பாலம் ஏறினேன். கடல் பக்கத்துக் காற்று உப்பாக வந்தது. பாலம் முடிந்தது. சக்கரம் இறங்கியது.

குத்து விழவில்லை.

கொஞ்ச தூரம் போனேன். தகரத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பின்கதவுச் சங்கிலியை மாட்டினேனா? அந்தப் படியில் இறங்கும்போது விழுந்திருந்தால்? பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. ஓரங்கட்டி நிறுத்தினேன். கதவைச் சாத்தாமல் ஓடினேன்.

மாமா வைக்கோல் மேல் மல்லாந்து கிடந்தார். தலை கேபின் பக்கம். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார். ஒரு கை கண் மேல். வாய் லேசாகத் திறந்திருந்தது. கச்சையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டிருந்தார்.

தூங்கிக்கொண்டிருந்தார்.

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. கையை எடுத்தார். கண்ணைத் திறந்தார். மேலே வானம், பக்கப் பலகை, அதற்கு மேல் என் முகம். வேறு யாரும் இல்லை. நாய் இல்லை, ஆறு தாண்டிவிட்டோம்.

"இன்னாடா?" என்றார். "நான் தட்டவே இல்லியே. இன்னாத்துக்கு நிறுத்தன?"

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சும்மாதான் மாமா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கையைத் தலைக்கு மேல் நீட்டி, தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

போய் வண்டியை எடுத்தேன்.